மலிவு மொபைல் ரிக்: வாங்குனவங்க புலம்புறதுல எது ரிக்கோட தப்பு, எது வயரோட தப்பு

ஹாம் ரேடியோவுக்கு, அதாவது லைசன்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோவுல பேசுறதுக்கு, புதுசா வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே ரூட்ல தான் வர்றாங்க. பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்குறாங்க, கால் சைன், அதாவது ரேடியோவுல நம்மளை அடையாளம் சொல்ற பேர், வருது, பாஃபெங் யூவி-5ஆர் மாதிரி ஒரு ஹேண்டி, கையில புடிக்கிற சின்ன செட், வாங்குறாங்க, ஒரு மாசம் அதைக் கையில வச்சுக்கிட்டு மாடிக்கும் வாசலுக்கும் அலையுறாங்க. நம்ம காரைக்குடி பக்கத்து பழைய வீடுன்னா கேக்கவே வேண்டாம், அந்த கனத்த செவுரும் கட்டுக்கு மேல கட்டுமா இருக்குற அமைப்புல வளவுக்குள்ள நின்னு ஹேண்டில பேசுனா எதிர்ல ஒருத்தருக்கும் கேக்காது. அப்புறம் தான் அடுத்த கேள்வி வரும், "அண்ணே, கம்மி வெலையில ஒரு மொபைல் ரிக் வாங்கலாமா, வாங்குனவங்க என்ன சொல்றாங்க?"

மொபைல் ரிக்னா வண்டியில மாட்டிப் பேசுறதுக்குன்னு செஞ்ச ரேடியோ. உள்ளுக்குள்ள பேட்டரி கிடையாது, ஆன்டெனா கிடையாது. ஒரு பெட்டி, முன்னாடி டிஸ்ப்ளேயும் நாப்பும், சுருள் வயர் வச்ச மைக், பின்னாடி சிவப்பும் கறுப்புமா ரெண்டு பவர் வயர், ஆன்டெனா சொருக ஒரு சாக்கெட், அம்புட்டு தான். 12 வோல்ட் கொடுத்தா ஓடும். ஹேண்டி 4, 5 வாட் விடும்னா இது 20, 25 வாட் விடும், பெரிய ரிக்னா 50க்கு மேலயும் போகும். கார் இல்லாதவங்களும் வாங்குறாங்க, வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டா மாத்துற ஒரு எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை வச்சு வீட்டு மேசையிலயே வச்சுக்கிறாங்க, சொல்லப்போனா எனக்குத் தெரிஞ்ச பாதி பேர் மொபைல் ரிக்கை காருக்குள்ள கொண்டுபோனதே இல்ல.

மலிவுன்னு நான் சொல்றது வெளிநாட்டு வெலையில நூறு டாலரை ஒட்டி இருக்குற சீனத் தயாரிப்பு. கியூஒய்டி கேடி-8900 ஒண்ணு, உள்ளங்கையை விட கொஞ்சம் பெருசு தான் இருக்கும், ரெண்டு மீட்டர் பேண்ட்ல 25 வாட், எழுபது சென்டிமீட்டர் பேண்ட்ல 20 வாட்னு போட்டிருப்பாங்க. எனிடோன் ஏடி-778யூவி இன்னொண்ணு, இதே செட்டை ரெட்டெவிஸ் ஆர்டி95னு வேற பேர்லயும் விக்கிறாங்க. ரெண்டு மீட்டர்னா நம்ம நாட்டுல 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, எழுபது சென்டிமீட்டர்னா 434 முதல் 438 வரை. ரிக்குல 136 முதல் 174 வரை ஓடும்னு போட்டிருந்தாலும் நமக்கு அனுமதி அந்த ரெண்டு மெகாஹெர்ட்ஸ் தான், மிச்சம் போலீஸ், அரசு டிபார்ட்மென்ட்டுன்னு வேற வேற ஆளுங்களோட எடம். கேக்குதேன்னு அதுல பேசிப்புடாதீங்க.

வாங்குனவங்க அனுபவம்னு தேடிப் படிச்சா தலை சுத்தும். ஒருத்தர் அருமைங்குறாரு, அடுத்தவர் குப்பைங்குறாரு, ரெண்டு பேரும் வச்சிருக்குறது ஒரே மாடல். பல பேரோட ரிக்கைப் பாத்ததுல எனக்குப் பட்டது என்னன்னா, புலம்பல்ல பெரும்பங்கு ரிக்கைப் பத்தினதே இல்ல, ரிக்குக்கு முன்னாடி இருக்குற பவர் வயர், பின்னாடி இருக்குற ஆன்டெனா, உள்ள போட்டிருக்குற செட்டிங், இந்த மூணைப் பத்தினது. மிச்சம் கொஞ்சம் நெசமாவே ரிக்கோட குறை, அதுக்கு நம்ம ஒண்ணும் பண்ண முடியாது. எது எந்த வகைன்னு பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சுக்கிட்டா எந்த ரிவியூ படிச்சாலும் குழப்பம் வராது, அதுக்குத் தான் இது.

மொதல் புலம்பல், "25 வாட்டுன்னு சொன்னாய்ங்க, பதினஞ்சு கிலோமீட்டர் கூட போகல." இது ரிக்கோட தப்பே இல்ல. இந்த ஃப்ரீக்வென்சியில அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல தான் போகும், பூமி வளைவுக்குப் பின்னாடி இருக்குறவருக்கு எட்டாது, அதனால தூரத்தை முடிவு பண்றது வாட் இல்ல, உயரம். ஒரு லேசான கணக்கு இருக்கு: ஆன்டெனா உயரத்தை மீட்டர்ல எடுத்து, வர்க்கமூலம் கண்டுபிடிச்சு, 4.12 ஆல பெருக்குங்க, வர்றது கிலோமீட்டர். கார் கூரை மேல ஆன்டெனா 2 மீட்டர் உயரம்னா கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். எதிர்ல உள்ளவரும் கார்ல தான் இருக்காருன்னா அவருக்கும் ஒரு 6, ரெண்டையும் கூட்டுனா 12. அவ்வளவு தான். அதே எதிர்ல உள்ளவர் மாடி வீட்டு மொட்டை மாடியில கம்பம் நட்டு 16 மீட்டர்ல ஆன்டெனா வச்சிருந்தா அவருக்கு மட்டும் 16.5 கிலோமீட்டர் வருது, உங்க ஆறோட சேத்தா இருபத்திரெண்டு சொச்சம். அதாவது காரைக்குடியில ஒரு மாடி ஆன்டெனா இருந்தா தேவகோட்டையில வண்டியில உள்ளவர் பேசிரலாம், கானாடுகாத்தான் எட்டும், பிள்ளையார்பட்டி தாராளமா எட்டும், ஆனா புதுக்கோட்டையில கார்ல இருக்குறவரைப் புடிக்கிறது சிரமம். வாட்டைக் கூட்டுனா இந்தக் கோடு நகராது. ராமேஸ்வரத்துல டிவி டவரை 323 மீட்டருக்கு எழுப்பினதுக்குக் காரணமும் இதே தான், அந்தக் கணக்குல அதுக்கு மட்டும் 74 கிலோமீட்டர் வருது.

நம்ம ஊரு பொட்டல். நல்லதும் அது தான் கெட்டதும் அது தான். நடுவுல மறைக்க மலை இல்ல, ஆனா ரிப்பீட்டர் வைக்கிறதுக்கும் பக்கத்துல பெரிய மலை இல்ல, மேக்க பிரான்மலை வரைக்கும் போகணும். ரிப்பீட்டர்னா உயரமான எடத்துல இருந்துக்கிட்டு ஒரு ஃப்ரீக்வென்சியில கேட்டு இன்னொரு ஃப்ரீக்வென்சியில திருப்பி விடுற ஸ்டேஷன். கொடைக்கானல் உயரத்துல, அதாவது 2000 மீட்டருக்கு மேல, அப்படி ஒண்ணு இருந்தா கணக்குப்படி 180 கிலோமீட்டருக்கு மேல வரும், ஆனா நடுவுல சிறுமலை மறிச்சா கணக்கு வேற.

ஒரு விதிவிலக்கு. கோடைக்கால ராத்திரியில, விடியக்காலையில கடல் பக்கம் சூடான காத்து மேலயும் குளுந்த ஈரக்காத்து கீழயும் அடுக்கா நிக்கும்போது அலை அதுக்குள்ள மாட்டி வளைஞ்சு ரொம்ப தூரம் போயிரும். ஒரு காலத்துல மாடியில ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இலங்கை ரூபவாஹினி பாத்தவங்களுக்கு இது தெரியும், சில நாள் பளிச்சுன்னு வரும், சில நாள் வெறும் பூச்சி பறக்கும். அப்படி ஒரு நாள்ல ஒருத்தர் ரிக்கை டெஸ்ட் பண்ணி "200 கிலோமீட்டர் அடிக்குது"ன்னு எழுதியிருந்தா அது ரிக்கோட பெருமை இல்ல.

சரி, அப்ப 25 வாட் எதுக்கு? 5 வாட்டுக்கும் 25 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 7 டெசிபல். சிக்னல் எவ்வளவு பலமா வருதுன்னு காட்டுற எஸ் மீட்டர்ல ஒரு படி 6 டெசிபல். அதாவது அஞ்சு மடங்கு பவர் குடுத்து எதிராளி மீட்டர்ல ஒரு படிக்குக் கொஞ்சம் மேல ஏத்துறீங்க. கேக்க ஏமாத்தமா இருக்கும், ஆனா எதிராளி காதுல கரகரன்னு பாதி வார்த்தை முழுங்கிக் கேட்டுக்கிட்டு இருந்தா இந்த 7 டெசிபல் அதை முழு வாக்கியமா ஆக்கிரும். ஹேண்டிய விட்டு மாறுனவங்க சந்தோசப்படுறதுக்கு உண்மையான காரணம் வாட் கூட இல்ல, ஹேண்டியோட குட்டை ரப்பர் ஆன்டெனா போய் கூரை மேல நல்ல ஆன்டெனா வந்தது தான். அதே ஹேண்டிய கூரை ஆன்டெனால சொருகிப் பாத்துட்டு அப்புறம் ரிக் வாங்கலாமான்னு முடிவு பண்ணுங்கன்னு நான் சொல்வேன், யாரும் கேக்குறதில்ல.

ஆன்டெனான்னு வந்தாச்சு, இங்க கொஞ்சம் நிப்போம், ஏன்னா பணத்தை இங்க தான் போடணும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு அலை நீளம் சுமாரா 207 சென்டிமீட்டர், அதுல கால்வாசி கிட்டத்தட்ட 52, உலோகக் கம்பியில அலை கொஞ்சம் மெதுவா போறதுனால நிஜத்துல 49, 50 சென்டிமீட்டர் வரும். கார் கூரையில காந்தம் வச்ச மேக்மவுன்ட், அதுல ஒரு அரை மீட்டர் கம்பி, இதுவே போதும். காந்தத்தைக் கூரை நடுவுல வைங்க, டிக்கி ஓரத்துல வைக்காதீங்க, ஏன்னா கம்பி பாதி ஆன்டெனா தான், கூரைத் தகடு மிச்ச பாதி. மொட்டை மாடியில வைக்கிறவங்க இதை மறந்துருவாங்க, மேக்மவுன்ட்டை சும்மா தளத்து மேல வச்சுட்டு ரிக் சரியில்லங்குறாங்க, அங்க அடியில தகரம் வேணும், இல்லன்னா தகட்டுக்குப் பதிலா அடியில சுத்தி விரிஞ்ச நாலு ரேடியல் கம்பி வச்ச கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா போடணும்.

கம்பிய வெட்டி ட்யூன் பண்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. ரிக்குக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல எஸ்டபிள்யூஆர் மீட்டர் (பவர் ஆன்டெனாவுக்குப் போகாம திரும்பி வருதான்னு காட்டும், 1ஐ நெருங்க நெருங்க நல்லது) போட்டு, குறைஞ்ச பவர்ல, யாரும் பேசலன்னு பாத்துட்டு கால் சைன் சொல்லி 144.1ல ஒரு ரீடிங், 145ல ஒண்ணு, 145.9ல ஒண்ணு எடுங்க. கீழ 1.3ம் மேல 2.2மா இருந்தா கம்பி நீளம், ஒரு 3 மில்லிமீட்டர் வெட்டுங்க, திரும்ப மூணு எடத்துலயும் பாருங்க. கீழ கூடவும் மேல கம்மியாவும் இருந்தா கம்பி குட்டையாயிருச்சுன்னு அர்த்தம், ஹோல்டர் ஸ்க்ரூவை இளக்கி கொஞ்சம் மேல தூக்கிப் பாருங்க, அதுக்கும் எட்டலன்னா புதுக் கம்பி தான், அதனால மொதல்லயே நீளமா வச்சுத் தொடங்குங்க. பேண்ட் பூரா 1.5க்குள்ள இருந்தா போதும், 1.0 வரலையேன்னு ராத்திரி பூரா வெட்டிக்கிட்டு இருக்க வேணாம். கேபிள் ஆர்ஜி-58 போட்டா கார்ல உள்ள நாலு மீட்டருக்குப் பரவாயில்ல, ஆனா வீட்டுல மூணாங்கட்டு மாடியில இருந்து முகப்பு வரைக்கும் முப்பது மீட்டர் அதையே இழுத்தா 25 வாட்ல முக்காவாசி கேபிள்லயே போயிரும், மேல ஆன்டெனாவுக்கு ஹேண்டி அளவு பவர் தான் போய்ச் சேரும். கனமான கேபிள் போடுங்க, இல்லன்னா ரிக்கை மாடிக்குப் பக்கத்துல கொண்டு போங்க.

அடுத்த புலம்பல், "பேச ஆரம்பிச்சா டிஸ்ப்ளே மங்குது, சில நேரம் ஆஃப் ஆயிருது." நூத்துக்குத் தொண்ணூறு இது பவர் வயர். சில செட்டுக்கு சிகரெட் லைட்டர் பின்னோட வயர் வருது, வாங்குன கையோட அதுல சொருகிர்றாங்க. 25 வாட் விடும்போது ரிக் அஞ்சரை, 6 ஆம்பியர் இழுக்கும். அந்த சாக்கெட் வழியில, ஒல்லி வயரும் தேஞ்ச பின்னும் சேந்து வெறும் 0.3 ஓம் தடை இருந்தாலே 1.8 வோல்ட் காணாமப் போயிரும். மல்டிமீட்டரை ரிக் பின்னாடி பவர் வயர்ல வச்சுக்கிட்டு மைக் பட்டனை அமுக்கிப் பாருங்க, அமுக்காதப்ப 12.6, அமுக்குனா 10.8னு சடக்குன்னு எறங்கும், விட்டா திரும்ப ஏறும். அது தான் உங்க "ரிக் கம்ப்ளெய்ண்ட்". கனமான வயர் எடுத்து நேரா கார் பேட்டரியில இருந்து இழுங்க, பேட்டரிக்கு ஒட்டுனாப்ல ஃப்யூஸ் கண்டிப்பா போடுங்க, ஃப்யூஸ் ரிக் பக்கம் மட்டும் இருந்தா நடுவுல வயர் உரசி ஷார்ட் ஆனா வண்டி எரியும். நேரா இழுத்தா இன்னொரு லாபம், ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க உங்க குரலோட சேந்து வர்ற அந்த ஆல்டர்னேட்டர் ஊளைச் சத்தமும் பெரும்பாலும் அடங்கிரும்.

12 வோல்ட்ல ஓடுறதோட அருமை கரண்ட் போனா தான் தெரியும். 2018 நவம்பர் 16 கஜா வந்தப்ப புதுக்கோட்டைப் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாம கிடந்துச்சுன்னு யாருக்கும் சொல்லத் தேவையில்ல. சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தா இந்த ரிக் அரை ஆம்பியர் மாதிரி தான் தின்னும், ஒரு கார் பேட்டரி நாள் கணக்குல தாங்கும். 2004 சுனாமியப்ப அந்தமான்ல வெளித்தொடர்பு அத்துப்போனப்ப போர்ட் பிளேர்ல இருந்த ஹாம் ஆபரேட்டர் பாரதி பிரசாத்தும் அவங்க குழுவும் ரேடியோவுல தான் சேதி கடத்துனாங்க. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர் போன சிக்ரி இருக்குற நம்ம காரைக்குடியில உக்காந்துக்கிட்டு, ஒரு பேட்டரி பேக்கப் இல்லாம ரிக் வச்சிருக்குறது எனக்கு என்னமோ ஒப்பல.

"கொதிக்குது" — இது பாதி ரிக், பாதி நம்ம. 13.8 வோல்ட், 5.5 ஆம்பியர்னா உள்ள போறது 76 வாட், ஆன்டெனாவுக்குப் போறது 25, மிச்சம் 50 வாட் வெறும் சூடு. சின்னப் பெட்டி, சின்ன ஃபேன். சித்திரை வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்துன காருக்குள்ள டேஷ்போர்டு மேல வச்சுட்டு பத்து நிமிசம் மூச்சு விடாமப் பேசுனா கொதிக்காம என்ன செய்யும்? சீட்டுக்கு அடியில காத்து போற மாதிரி வைங்க, ஊருக்குள்ள பேசுறதுக்கு லோ பவர்ல போடுங்க, ரெண்டு நிமிசம் பேசிட்டு அடுத்தவருக்கு விடுங்க.

செட்டிங் புலம்பல்கள்னு ஒரு கூட்டம் இருக்கு, வேகமாச் சொல்லிர்றேன். "என் ஆடியோ கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குதாம்"னா மெனுவுல நேரோ, அதாவது குரலுக்குக் குறுகின அகலம், போட்டிருக்கான்னு பாருங்க, நம்ம பக்கம் எல்லாரும் வைட்ல இருக்கும்போது நீங்க மட்டும் நேரோல இருந்தா குரல் பாதியாத் தான் கேக்கும். "ரிப்பீட்டர் எடுக்க மாட்டேங்குது"ன்னா ரிப்பீட்டரைத் தொறக்குற டோன் போடல, இல்லன்னா 600 கிலோஹெர்ட்ஸ் ஷிஃப்ட், அதாவது கேக்குற ஃப்ரீக்வென்சிக்கும் பேசுற ஃப்ரீக்வென்சிக்கும் உள்ள இடைவெளி, தப்புப் பக்கம் இருக்கு. "டிஸ்ப்ளேயில ரெண்டு ஃப்ரீக்வென்சி இருக்கு, ஒரே நேரத்துல ரெண்டும் கேக்கல"ன்னா, இந்த வெலையில பல செட்டுக்குள்ள ரிசீவர் ஒண்ணே ஒண்ணு தான், அது மாறி மாறிப் பாக்கும், எது மொதல்ல வருதோ அதுல நின்னுரும். மெனு நோண்டுறது கொடுமையா இருந்தா கம்ப்யூட்டர்ல சிர்ப்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, கேபிள் போட்டு எல்லா சேனலையும் டேபிளா டைப் பண்ணி ஏத்திரலாம், உங்க மாடலுக்கு அது சப்போர்ட் உண்டான்னு மட்டும் வாங்குறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. ஏத்துறதுக்கு முன்னாடி ரிக்குல இருக்குறதை அப்படியே டவுன்லோட் பண்ணி ஒரு காப்பி வச்சிருங்க.

இப்ப நெசமான குறைகளுக்கு வர்றேன், இதுல வயரைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. பெரிய குறை ரிசீவர். விலை குறைஞ்ச செட்ல ஆன்டெனாவுக்கும் முதல் சிப்புக்கும் நடுவுல வடிகட்டுற வேலை கம்மியா இருக்கும், அதனால பக்கத்துல வேற எதாச்சும் பலமான சிக்னல் இருந்தா, அது நம்ம ஃப்ரீக்வென்சியே இல்லன்னாலும், ரிசீவர் திணறிப்போயிரும். கல்யாண வீட்டுப் பந்தியில பாட்டு செட் ஸ்பீக்கருக்கு அடியில எலை போட்டு உக்காந்துட்டு பக்கத்து எலைக்காரர் பேசுறதைக் கேக்க முயற்சி பண்ற கதை தான். காரைக்குடியிலயே நல்லாப் பாக்கலாம்: கோட்டையூர் தாண்டி வயக்காட்டுப் பக்கம் நல்லாக் கேட்டுக்கிட்டு வர்ற ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட் பக்கம் டவரும் கடையும் நெருங்குன எடத்துக்கு வந்ததும் கமறும், சிக்னல் இல்லாதப்ப இரைச்சலை அடக்கி வைக்கிற ஸ்குவெல்ச் தானாத் தொறந்து சம்பந்தமில்லாத ஒரு டேட்டா சத்தம் கீச்சுன்னு வரும், நூறடி ரோட்டுல திரும்புனா திரும்ப சரியாகும். முரண்பாடு என்னன்னா ஆன்டெனா நல்லதா ஆக ஆக இது கூடும், ஏன்னா வேண்டாததும் சேந்து நல்லா வருதே. கிராமத்துல இருக்குறவருக்கு இந்தக் குறை இருக்குறதே தெரியாது, மெட்ராஸ்காரருக்கு இது தான் பெரிய தலைவலி. ஒரே மாடலுக்கு ரெண்டு விதமா ரிவியூ வர்றதுக்கு முக்கியமான காரணம் இது, எழுதுனவர் எந்த ஊர்ல இருக்காருன்னு பாத்துட்டுப் படிங்க.

அடுத்தது நம்மளை விட அடுத்தவங்களைப் பாதிக்கிற குறை. 145ல பேசும்போது அதோட மூணு மடங்கு 435ல ஒரு நிழல் சிக்னல் போகும், எல்லா ரேடியோவுலயும் இது பிறக்கும், நல்ல ரிக்குல ஃபில்டர் அதை அமுக்கிரும். மலிவு ரிக்குல ஒரு பீஸ் ஒழுங்கா இருக்கும், அதே பெட்டியில வந்த இன்னொரு பீஸ் ஒழுங்கா இருக்காது. 435ங்குறது நம்மளோட எழுபது சென்டிமீட்டர் பேண்டுக்குள்ளயே விழுது, சாட்டிலைட் கேக்குறவங்க அங்க தான் காதை வச்சுக்கிட்டு இருப்பாங்க. எந்த ஃப்ரீக்வென்சியில எவ்வளவு சிக்னல் இருக்குன்னு காட்டுற ஸ்பெக்ட்ரம் அனலைசர், டைனிஎஸ்ஏன்னு சின்னதா ஒண்ணு, இப்ப நிறையப் பேர் வச்சிருக்காங்க, பவரைக் குறைச்சு விடுற அட்டெனுவேட்டர் போட்டு ஒரு தடவை அளந்து பாத்துக்கிட்டா மனசுக்கு நிம்மதி, சரியில்லன்னா மேல உள்ள ஃப்ரீக்வென்சியைத் தடுக்குற லோ பாஸ் ஃபில்டர் ஒண்ணை வெளிய சொருகணும்.

மிச்சமெல்லாம் சில்லறை. ஸ்பீக்கர் சின்னது, வண்டி ஓடும்போது கேக்காது, பின்னாடி ஜாக்ல வெளி ஸ்பீக்கர் போட்டா தீந்துச்சு. பட்டன் எழுத்து குட்டி. கூட வர்ற புக்கைப் படிச்சா இருக்குற புரிதலும் போயிரும்.

என் கணக்குல மொதல் ரிக்கா மலிவு மொபைல் வாங்குறதுல தப்பில்ல, கத்துக்கிறதுக்கு நல்ல ஜாமான், நம்ம பக்கம் மாதிரி சிக்னல் நெரிசல் கம்மியான ஊருக்கு இன்னும் பொருந்தும். ஆனா எழுபது சென்டிமீட்டர்ல பேசுறதுக்கு சுத்துவட்டாரத்துல ஆளே இல்லன்னா டூயல் பேண்டுக்கு ஆசைப்படாம ரெண்டு மீட்டர் மட்டும் உள்ள யாசு எஃப்டி-2980ஆர் இல்ல ஐகாம் ஐசி-2300எச் மாதிரி ஒரு சிங்கிள் பேண்ட் ரிக்கை செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க. முன்னது 80 வாட், பின்னது 65 வாட், ரெண்டையும் குறைச்சு வச்சுக்கலாம், உங்க கிரேடுக்கு லைசன்ஸ்ல எவ்வளவு பவர் அனுமதியோ அதுக்குள்ள தான் வைக்கணும்.

லைசன்ஸ் விசயத்துல மட்டும் அசால்ட்டு வேணாம். 12 வயசு ஆனா பரீட்சை எழுதலாம், ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தெரிய வேண்டியதில்ல, பாஸ் பண்ணா வியூ3ல தொடங்குற கால் சைன், ஜெனரல் கிரேடுக்கு மோர்ஸ் உண்டு, அது வியூ2. விண்ணப்பம் சரல் சஞ்சார் போர்ட்டல்ல. வண்டியில வச்சுப் பேசுறதுக்கு உங்க லைசன்ஸ்ல என்ன சொல்லியிருக்குன்னு படிச்சுக்கோங்க, பேப்பரோட காப்பி வண்டியிலயே கிடக்கட்டும், செக்போஸ்ட்ல நிறுத்துறவருக்கு ஹாம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. ஆன்லைன்ல கண்டபடி வித்த வாக்கி டாக்கிகளுக்கு 2025ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் விட்டதுக்கு அப்புறம் செட் விக்கிறதுலயும் கெடுபிடி கூடியிருக்கு, அதனால பில்லும் அனுமதி விவரமும் இல்லாம வாங்காதீங்க.

செகண்ட் ஹேண்ட்ல எடுக்குறதா இருந்தா ஒரு டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதிலா மாட்டி பவரைச் சூடாக்கித் தீக்கிற சாமான்) வாட் மீட்டரும் கையோட கொண்டு போங்க. விக்கிறவர் முன்னாடியே ஹை பவர்ல ஒரு நிமிசம் அமுக்கிப் பிடிங்க, ஆரம்பத்துல 22 காட்டிட்டு நிமிசம் முடியுறதுக்குள்ள 12க்கு எறங்குனா பவரைக் கூட்டி வெளிய விடுற ஃபைனல் ட்ரான்சிஸ்டர் களைச்சுப்போச்சு. ஃபேன் சுத்துதான்னு காதை வச்சுக் கேளுங்க. மைக் வயரை சொருகுற எடத்துல மடக்கி ஆட்டிக்கிட்டே பேசுங்க, விட்டு விட்டு வந்தா வெலையில குறைச்சுக் கேளுங்க, ஏன்னா மைக் தனியா வாங்கிக்கலாம். டிஸ்ப்ளேயில எழுத்து பாதி தெரியலன்னா மட்டும் எவ்வளவு குறைச்சாலும் வேணாம்னு சொல்லிட்டு வந்துருங்க, அதுக்கு ஸ்பேர் தேடி அலைய முடியாது.